கார்டனர்ஸ் வேர்ல்ட் பார்க்கிறீர்களா? கொஞ்சம் கருத்து வேண்டும்

வணக்கம் நண்பர்களே, இங்கிலாந்தில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களிடம் ஒரு உதவி. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பிபிசி 2-இல் வெள்ளிக்கிழமை மாலை வரும் கார்டனர்ஸ் வேர்ல்ட் என்ற தோட்டக்கலை நிகழ்ச்சி பற்றிச் சின்னதாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் நன்றாக இருக்காது.

1968-இல் தொடங்கிய நிகழ்ச்சி இது. முன்பு இதைத் தொகுத்து வழங்கிய பெர்சி த்ரோவர், ஜெஃப் ஹாமில்டன் காலத்து நிகழ்ச்சிகளைப் பார்த்த மூத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஹாமில்டன் பார்ன்ஸ்டேல் தோட்டத்தில் காசு அதிகம் செலவழிக்காமல் செய்துகாட்டுவார் என்று இன்றும் புகழ்கிறார்களே, அப்படித்தானா?

இப்போது தொகுத்து வழங்கும் மான்டி டானை எனக்குப் பிடிக்கும். அவசரப்படாமல் பேசுவார். கரிமண் (சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் பீட்) கலந்த தொட்டிக் கலவை வேண்டாம் என்று விடாமல் சொல்வதும் நியாயம்தான். ஆனால் ஹெர்ஃபர்ட்ஷயரில் அவருடைய லாங்மெடோ தோட்டம் சுமார் இரண்டு ஏக்கர்! அதைப் பார்த்துவிட்டு என் பின்கட்டைப் பார்த்தால் பெருமூச்சுதான் வருகிறது. பூக்களுக்குக் கிடைக்கும் நேரம் காய்கறிக்குக் கிடைப்பதில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. (கறிவேப்பிலைக்கு நேரம் ஒதுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை!)

அலாட்மெண்ட் (வாடகைக்கு எடுக்கும் தோட்டத் துண்டு) வைத்திருப்பவர்கள், பால்கனியில் தொட்டி மட்டும் வைத்திருப்பவர்கள், உங்களுக்கு இந்த நிகழ்ச்சி உபயோகப்படுகிறதா? அதைப் பார்த்து நீங்கள் செய்து பலித்த ஒரு விஷயம், எரிச்சலூட்டிய ஒரு விஷயம், இரண்டையும் கீழே எழுதினால் போதும். பெயர் சொல்லாமல்தான் பயன்படுத்துவேன். மான்டி டானின் நாய்களுக்காக மட்டும் பார்க்கிறவர்களும் தாராளமாக எழுதலாம்.