‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’: பாலக்காடு, குமுளிப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை

பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழுவின் இந்த ஆல்பத்தைப் பற்றி நம் மன்றத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் பெரிய மாமா மிருதங்கக்காரர். கல்பாத்தித் தேர்க் கச்சேரிக்குப் போனால் பாடகர் முகத்தைப் பார்க்கவே மாட்டார், மிருதங்கக்காரரின் விரலைத்தான் பார்ப்பார். ஒருநாள் திண்ணையில் நான் ‘மனி’ பாட்டைப் போட்டிருக்கும்போது உள்ளே வந்தார். சில்லறை விழுகிறது, காகிதம் கிழிகிறது, கல்லாப்பெட்டி திறக்கிறது. “நிறுத்துடா” என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் கை தொடைக்குப் போய்விட்டது. தகிட தகதிமி, தகிட தகதிமி. மிஸ்ர சாபு, மூணும் நாலுமாக ஏழு எண்ணிக்கைத் தாளம்!

சாக்ஸபோன் முடியும் வரை கை நிற்கவில்லை. கிடார் தனியாக எடுத்ததும் கை அந்தரத்தில் நின்றது. “நாலுக்கு மாத்திட்டான்டா.” கடைசிச் சரணத்தில் பாட்டு மறுபடி ஏழுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் கேட்டார்: “சில்லறைய எப்படிடா லயத்துல விழ வச்சான்?”

அன்றைக்கு எனக்குத் தெரியாது. பின்னால் படித்துவிட்டுச் சொன்னேன். குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பதிந்து, டேப்பை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டி, ஏழு துண்டையும் ஒட்டி வளையமாக ஓடவிட்டார்கள் என்று. மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ தாளம் கையில இல்ல, ஸ்கேல்ல இருக்கு” என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

குமுளி ஏலத்தோட்டம்

எங்கள் பெரியம்மா எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவர். சாவு வீடு என்றால் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் பியானோ, அப்புறம் சாவுக்குப் பயமில்லை என்று ஒரு பெரியவர் பேசுவாரே (அது ஆல்பம் பதிந்த ஸ்டூடியோ வாசல் காவலாளியின் குரல்), அதெல்லாம் பெரியம்மா காதில் ஏறவில்லை. அந்தப் பெண் குரல் எடுத்ததும் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார். “யாரு செத்தது இவளுக்கு?” என்று கேட்டார். ஒரு வார்த்தை கிடையாது பாட்டில். இங்கிலீஷும் அவருக்குத் தெரியாது.

அந்தக் குரல் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு வந்து, வார்த்தை வேண்டாம், வாத்தியம் மாதிரி பாடு என்று சொன்னதைக் கேட்டு, அங்கேயே கற்பனையில் பாடியவர். கூலி 30 பவுண்ட். இதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போனாராம். இசைத்தட்டு கடைக்கு வந்த பிறகு உறையில் தன் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பாடகி என்று போட்டிருந்தார்கள், இசையமைத்தவர் என்று போடவில்லை. 2004-இல் வழக்குப் போட்டார், அடுத்த வருடம் சமரசம் ஆனது. இப்போது குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவுக்கும் கையில் கொஞ்சம் காசும் ஒரு சேலையும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஒப்பாரி வரிகள் யாருடையவை என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

வாளையார் லோடு

கொழிஞ்சாம்பாறை அண்ணா, மாமா மேல் மரியாதை உண்டு, ஆனால் அது மூணு நாலு இல்லை. எனக்கு அந்த பேஸ் கிடார் நாலு மூணாகத்தான் விழுகிறது. விலோம சாபு, சியாமா சாஸ்திரி கையாண்டது. போட்டுப் பாருங்கள்.

என் கதை சின்னது. செக்போஸ்ட்டில் லாரி வரிசை, ராத்திரி, பக்கத்து லாரி டிரைவர் டேப்பில் ‘டைம்’ ஓடுகிறது. எல்லாக் கடிகாரமும் ஒரே நேரத்தில் அடித்தபோது கிளீனர் பையன் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து கதவைத் திறந்து குதித்துவிட்டான். அந்தக் கடிகாரச் சத்தம் பழைய கடிகாரக் கடையில் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பதிந்தது, இந்தப் பாட்டுக்காகப் பதிந்ததும் இல்லை. அவ்வளவுதான்.

ஆனால் ஸ்கேல் விஷயத்தில் மாமாவுக்கு ஒரு பதில் இருக்கிறது. அவர்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒட்டி ஒட்டிச் செய்த ஆல்பம் இல்லை இது. 1972 ஜனவரியில் பிரைட்டனில் மேடை ஏற்றினார்கள், அன்றைக்கு ‘மனி’யில் டேப் தகராறு செய்து பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் வருடம் முழுக்க ஊர் ஊராக வாசித்தார்கள். ‘ஆன் தி ரன்’ இருக்கும் இடத்தில் முதலில் கிடாரும் கீபோர்டுமாக வேறு ஏதோ இருந்தது, சிந்தசைசர் வந்த பிறகு அதைத் தூக்கிவிட்டார்கள். டோரி பாடிய இடத்தில் மேடையில் பைபிள் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. நூறு கச்சேரி வாசித்துத் தனி ஆவர்த்தனம் பதம் ஆவதைப் போலத்தான் இது பதமானது. ஸ்கேல் வெட்டியது டேப்பை மட்டும். மேலே வாசித்தது கைதான். அந்த டேப் வளையமும் பாட்டு தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்கிறது, கவனியுங்கள்.

குமுளிக்காரரே, டோரி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்வர அடுக்கு முழுவதும் ரைட் போட்டது. ஒரு நாள் வந்து பாடியவருக்கு இசையமைப்பில் பங்கா?

குமுளி ஏலத்தோட்டம்

அந்தக் குரலை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பியானோ நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பெரியம்மா அடுப்படியை விட்டு வந்திருக்க மாட்டார். ராகத்தை ஒருவர் எடுத்துக் கொடுத்தால் ஆலாபனை செய்தவர் கூலியாள் ஆகிவிடுவாரா? நீங்கள் சொல்கிற அந்த ஒரு நாளில்தான் பாட்டு பிறந்தது.

ஒரு உதவி வேண்டும். பெரியம்மா கேட்ட அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. போட்டால் சத்தம் அடங்கி அடங்கி வருகிறது.

சித்தூர்ப் புழை

நான் கேட்டதும் டி-90 என்ற தொண்ணூறு நிமிடக் கேசட்டில்தான். ஆல்பம் 43 நிமிடம், ஒரு பக்கம் 45. அதனால் திருப்பாமலே முழுதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இசைத்தட்டில் டோரி முடிந்ததும் தட்டைத் திருப்ப வேண்டும். எங்களுக்கு அழுகை அடங்கிய சூட்டோடு சில்லறை கொட்டும். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு கூசும்.

சரி, கேசட். அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். முதலில் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது, ஹெட்டிலிருந்து (பிளேயரில் டேப்பைப் படிக்கும் முனை) மற்ற கேசட்டுக்கும் ஒட்டும். உங்கள் பக்கத்து மழைக்கு இது சகஜம். பூஞ்சை இல்லையென்றால் கேசட்டின் நடுவில் சின்னக் கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். டேப்பை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால் சத்தம் இப்படித்தான் அடங்கும். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள், ரப்பர் உருளையையும் சேர்த்து. பிறகு ஒருமுறை கடைசி வரை ஓடவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். தொண்ணூறு நிமிட டேப் அறுபதைவிட மெல்லியது, முரட்டுத்தனமாகச் சுற்றினால் இழுபடும். நன்றாக வந்தால் அன்றைக்கே கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள். ஸ்பீக்கர் மேல் கேசட்டை வைக்காதீர்கள்.

வாளையார் தம்பி, நாலு மூணு என்பது எனக்கும் சரியாகப் படுகிறது.

குமுளி ஏலத்தோட்டம்

கம்பளித் துண்டு இல்லை. கேசட்டில் ஸ்க்ரூவும் இல்லை, ஒட்டின மாதிரி இருக்கிறது. எப்படித் திறப்பது?

சித்தூர்ப் புழை

ஸ்க்ரூ உள்ள பழைய காலிக் கேசட் ஒன்று வாங்கி வையுங்கள். ஒட்டின கேசட்டின் ஓரத் தையலில் மெல்லிய பிளேடை நுழைத்து மெதுவாகத் திருகினால் பிரியும். டேப் சுருள் இரண்டையும் கலையாமல் தூக்கிப் புதுக் கூட்டுக்குள் வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று முதலிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.