பேருந்தில் வரும் பதற்றத்துக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுமா?

காட்பாடிப் பெண்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. காட்பாடியில் குடியிருந்துகொண்டு, வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, பேருந்து விருதம்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தின் நடுவே நெரிசலில் நின்றுவிட்டது. திடீரென்று நெஞ்சு படபடவென அடித்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, அங்கேயே உயிர் போய்விடும் என்று தோன்றியது. பாலம் கடந்ததும் இறங்கி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு என்று எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

அன்றிலிருந்து நான் பேருந்தில் ஏறவே இல்லை. கணவர் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். அவர் வெளியூர் போனால் எனக்கு விடுப்புதான். தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் கைப்பையில் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போவதில்லை. மாமியார் பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். மனநல மருத்துவர் தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, அதோடு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். உட்கார்ந்து பேசுவதால் நெஞ்சு படபடப்பு எப்படி நிற்கும்? ஆங்கிலம் சரளமாக வராத எனக்கு அது புரியுமா? மனநல மையம் இருக்கும் பாகாயத்துக்குப் போகிறேன் என்றாலே உறவினர்கள் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற கவலையும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் அன்பர்:

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தபோது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்த்தது போல் இருந்தது. எனக்குப் பேருந்து அல்ல. காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் கூட்டம் நடக்கும் கதவடைத்த அறை. முதலில் நான் போன இடத்தில் நான்கு வாரம் "தைரியமாக இருங்கள், நல்லதையே நினையுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். அது சிபிடி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்து கிடைத்த உளவியலாளர் என்னை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். எங்கே இருந்தேன், என்ன நினைத்தேன், அந்த நினைப்பை நூற்றுக்கு எவ்வளவு நம்பினேன், பிறகு உண்மையில் என்ன நடந்தது என்று கோடு போட்டு நான் எழுத வேண்டும். எல்லாம் தமிழில்தான். மூன்றாம் சந்திப்பில் அவருடைய அறையிலேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொன்னார். பிறகு வேகவேகமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். தொடங்குவதற்கு முன் நான் நோட்டில் எழுதியது: "மயங்கி விழுவேன், 90." செய்து முடித்தபோது தலை சுற்றியது, விரல் நுனி மரத்தது, கூட்டத்தில் எனக்கு வருவது அப்படியே வந்தது. ஆனால் நான் விழவில்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அது தானாக அடங்கும் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் காத்திருந்தார். பிறகு நான் எழுதிய எண் 40. வெறும் பேச்சு என்று நீங்கள் கேட்டீர்களே, அன்றைய பாதி நேரம் பேச்சே இல்லை.

கூட்ட அறைக்குள் தண்ணீர் பாட்டில் இல்லாமல் உட்கார எனக்குப் பத்து வாரம் ஆயிற்று. இடையில் ஒரு முறை பழையபடி பயந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். அதையும் நோட்டில் எழுதச் சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கும் எப்போதாவது படபடப்பு வரும். வந்தால் வேலையை நிறுத்துவதில்லை.

வேலூர் மருத்துவ உளவியல் மாணவி:

அக்கா, மேலே ஐயா சொன்னதன் காரணத்தை விளக்க விரும்புகிறேன். பயம் வரும்போது அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சும் வேகமாவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மரப்பும் தலைச்சுற்றலும் உண்டாகின்றன. இவை ஆபத்தானவை அல்ல. ஆனால் அவற்றை மாரடைப்பின் அறிகுறி என்று மனம் பொருள்கொண்டால் பயம் இரட்டிக்கிறது, அதனால் படபடப்பு மேலும் கூடுகிறது. இந்தச் சுழலை 1986-ல் டேவிட் கிளார்க் என்னும் பிரித்தானிய உளவியலாளர் தெளிவாக விளக்கினார். இந்தச் சிகிச்சையின் அடித்தளத்தை 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வு நோயாளிகளிடமிருந்து கண்டறிந்தார்.

பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கிவிடும். நீங்கள் பாலம் கடந்ததும் இறங்கிவிட்டதால், இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மனம் கற்றுக்கொண்டது. பாட்டிலும் மாத்திரையும் கைப்பையில் இருந்தால்தான் போவேன் என்பதும் அதே பாடம்தான். அந்தப் பாடத்தைப் படிப்படியாக மாற்றுவதே சிகிச்சை. யாரும் உங்களை முதல் நாளே பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த மாட்டார்கள். வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, பெரும்பாலானவர்களுக்கு 12 முதல் 16 சந்திப்புகள் வரை ஆகும். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் செய்யாதவர்களுக்குப் பலன் குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தினசரி மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். கைப்பையில் இருப்பது பதறும்போது போட்டுக்கொள்ளும் உடனடி மாத்திரை என்றால், அதில் சில வகைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. எத்தனை முறை போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை தருபவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்பதில் தவறே இல்லை. செலவு கவலையாக இருந்தால், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். இரவில் பயம் அதிகமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ராணிப்பேட்டை வாசகர்:

உங்கள் கணவருக்காக இதை எழுதுகிறேன், அம்மா. என் மனைவிக்கு இதே சிக்கல் இருந்தபோது, "ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன்" என்று நாளுக்கு இருபது முறை சொல்லி, போகும் இடமெல்லாம் கூடவே போனேன். அன்பினால்தான் செய்தேன், ஆனால் நானும் அவருக்கு ஒரு தண்ணீர் பாட்டில் ஆகிவிட்டேன் என்று உளவியலாளர் எடுத்துச் சொன்னபோது அழுதுவிட்டேன். கணவரையும் ஒரு சந்திப்புக்கு அழைத்துப் போங்கள்.

பாகாயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்குள்ள சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் உள்நோயாளியுடன் வீட்டார் ஒருவர் கூடவே தங்கியிருக்கும் வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு; ஆளைக் கொண்டுபோய் அடைத்துவைக்கும் இடம் என்ற பேச்சு அறியாமையால் வருவது. புற நோயாளியாகப் போய்ப் பேசிவிட்டு மாலையில் வீடு திரும்புபவர்களும் ஏராளம். உறவினர் பார்வைக்கு அஞ்சி நாங்கள் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

காட்பாடிப் பெண்:

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு என் கணவர் இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு, வெகு நேரம் பேசாமல் இருந்து, தானும் வருவதாகச் சொன்னார். வருகிற வியாழக்கிழமைக்கு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். என் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் நகரப் பேருந்துகளின் நெற்றியில் பாகாயம் என்றுதான் எழுதியிருக்கிறது. இத்தனை நாள் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த வாரம் ஏற முடியாது, எனக்குத் தெரியும். நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவதை முதல் படியாக வைக்கலாமா என்று உளவியலாளரிடம் கேட்கப்போகிறேன். நோட்டு வாங்கிவிட்டேன்.