பூட்டிய வீடும் போர்ஷன் வீடும்

*குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்*

*பெரிய மாமா, காலை 7:12*
மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரே உரிமையாளரின் 16 போர்ஷன்கள் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த மனையில் 12 வீடுகள் மட்டுமே வரப்போகின்றன; ஒவ்வொன்றும் இரண்டு கோடிக்கு மேல். வசதியானவர்களுக்கு வீடு கட்டினால் மற்றவர்களுக்கும் வாடகை குறையும் என்கிறார்களே, அது எப்படி?

*ஹெல்சிங்கி அக்கா, 7:40*
மாமா, இங்கே அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பின்லாந்தில் வீடு மாறியவர் ஒரு வாரத்துக்குள் புது முகவரியைத் தெரிவித்தாக வேண்டும் என்பதால், புது வீட்டுக்குப் போனவர் எதைக் காலி செய்தார், அங்கே வந்தவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்று பதிவேட்டைக் கொண்டே தொடர முடிகிறது. 2023இல் வெளியான ஆய்வின்படி, ஹெல்சிங்கி நகர மையத்தில் சந்தை விலையில் 100 வீடுகள் கட்டினால், பகுதிகளை வருமானப்படி இரு பாதிகளாகப் பிரித்ததில் கீழ்ப்பாதியில் உள்ளவற்றில் ஏறத்தாழ 60 வீடுகள் காலியாகின்றன. பழைய துறைமுக நிலமான கலாசத்தமாவில் எழுந்த கட்டடத்துக்கு நான் குடிபோனபோது, புறநகர்ப் பகுதியான கோந்துலாவில் நான் விட்ட ஓரறை வீட்டுக்குப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் மனைவியுடன் வந்தார். தாளிப்புப் புகை படிந்த சுவருக்காக வருத்தம் தெரிவித்துத்தான் சாவியைக் கொடுத்தேன்.

*வேளச்சேரி சித்தி, 8:05*
புது வீட்டில் யாராவது குடியேறினால்தானே இதெல்லாம் நடக்கும்? நான் சங்கக் கணக்கு எழுதும் அடுக்ககத்தில் 40 வீடுகளில் 11 வீடுகள் வாங்கிய நாள் முதல் பூட்டியே கிடக்கின்றன. பராமரிப்புக் கட்டணம் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. வாடகைக்கு விடச் சொன்னால், சுவரெல்லாம் ஆணி அடிப்பார்கள், சொன்ன நாளில் காலி செய்ய மாட்டார்கள் என்று தயங்குகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைப்பவர் தாம் இருக்கும் வீட்டைக் காலி செய்வதில்லையே.

*ஹெல்சிங்கி அக்கா, 8:21*
உண்மைதான், சித்தி. ஆனால் குடியிருக்க வாங்குபவருக்குப் புது வீடு கிடைக்காவிட்டால், அவர் அதே தெருவின் பழைய வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பார். அப்போது இடம்பெயர்வது அங்கே இருப்பவர்தான். ஹெல்சிங்கி நகரமும் சந்தையை மட்டும் நம்பவில்லை. நகராட்சி நிறுவனமே ஏறத்தாழ 50,000 வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறது.

*பெரிய மாமா, 8:30*
எங்கள் தெருவில் இடம்பெயர்ந்தது இஸ்திரிக்காரர். குடும்பம் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டது. வண்டி மட்டும் வேப்பமரத்தடியிலேயே நிற்பதால், முதல் மின்ரயிலில் வந்து கரியைப் பற்றவைக்கிறார்.

*நான், 8:44*
அக்கா குடிபோன இடத்தில் முன்பு யாருடைய வீடும் இல்லை. மாமா தெருவிலோ 16 குடும்பங்கள் இருந்த இடத்தில் 12தான் வருகின்றன; அவற்றிலும் சில பூட்டிக்கிடக்கலாம். ஆடம்பரமா, சிக்கனமா என்று கேட்பதற்கு முன், எத்தனை வீடுகள் கூடின, எத்தனையில் விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டாமா? வெற்று நிலத்தில் கட்டுவதையும் போர்ஷன்களை இடித்துக் கட்டுவதையும் ஒரே தட்டில் வைப்பதில்தான் குழப்பம் வருகிறது.

*வேளச்சேரி சித்தி, 9:02*
நீ வீடு தேடுவதால் சொல்கிறேன். அந்த 11 பேரில் ஒருவர் வாடகைக்கு விட இசைந்திருக்கிறார், 32,000 கேட்கிறார்.

*நான், 9:05*
நான் இப்போது தருவது 16,000, சித்தி. அந்த வீட்டுக்கு வசதியானவர் யாராவது வரட்டும். அவர் காலி செய்யும் வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.