ஜனவரியில் பார்னகட் லைட்: ஹார்லிக்வின் வாத்து பார்க்க குழந்தையோடு போகலாமா?

எடிசன்_அப்பா:
வணக்கம். பள்ளி நூலகப் புத்தகத்தில் ஹார்லிக்வின் வாத்தின் படத்தைப் பார்த்ததிலிருந்து என் 9 வயது மகளுக்கு வேறு பேச்சே இல்லை. நியூ ஜெர்சியில் பார்னகட் கலங்கரை விளக்கத்துப் பக்கம் குளிர்காலத்தில் வரும் என்று படித்தேன், ஜனவரியில் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று இருக்கிறோம். ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) கிடையாது, எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்றுதான் இருக்கிறது. அது போதுமா? பாறை மேல் நடக்க வேண்டியிருக்குமா? சாப்பாடு கிடைக்குமா?

உப்புக்காற்று:
தாராளமாகப் போதும். மற்ற கடல் வாத்துகள் தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் ஹார்லிக்வின் பாறையை ஒட்டியே மேயும், ஏனென்றால் அதற்கு வேண்டிய சிறு நண்டும் சிப்பியும் அங்கேதான் இருக்கிறது. கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் 63ஆம் எக்ஸிட், ரூட் 72இல் பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பித் தீவின் வட முனை வரை போங்கள். கலங்கரை விளக்கத்தின் அடியிலிருந்து கம்பி போட்ட சிமெண்ட் நடைபாதை இருக்கிறது, அது முடிந்ததும் கடலுக்குள் நீளும் வெறும் பாறாங்கல் சுவர்தான், நம்மூர் தூண்டில் வளைவு மாதிரி. பாசி படிந்த கல்லில் ஈரமும் சேர்ந்தால் பெரியவர்களுக்கே கால் நிற்காது, சில நாள் மேலே ஐஸ் வேறு. மகளோடு அதில் ஏறவே ஏறாதீர்கள். கம்பி ஓரமாக நின்று பொறுமையாகப் பாருங்கள், வாத்துகள் முங்கி முங்கி எழுந்து தானாகவே பக்கத்தில் வரும். ஆணின் நீலமும் செங்காவியும் வெள்ளைப் பட்டையும் வெயிலில் எப்படி இருக்கும் என்று எந்தப் படமும் காட்டாது. காதையும் கொடுங்கள், எலி மாதிரி கீச்சிடும்.

அப்புறம் சாப்பாடு: அந்த ஊரில் கடைகள் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். புளிசாதமும் ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவதும் எடுத்துப் போய்விடுங்கள்.

சதுப்புக்காரன்:
சொன்னதெல்லாம் சரி. ஆனால் வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் குழந்தையால் அங்கே அரை மணி நேரம் நிற்க முடியாது, வெப்பநிலையை விடக் காற்றைப் பார்த்து நாளை முடிவு பண்ணுங்கள். முடித்துவிட்டு ஃபோர்சைத் சரணாலயத்துக்கு ஓட்டிப் போங்கள், அட்லாண்டிக் சிட்டிக்குப் பக்கம். 8 மைல் வட்டச் சாலை, ஹீட்டர் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தே பார்க்கலாம். வெள்ளை வாத்துக்கூட்டம் மொத்தமாக எழும்பும்போது கண்ணாடியை இறக்கிச் சத்தத்தைக் கேட்க விடுங்கள். பிரான்ட் வாத்தும் நிறைய இருக்கும். 1930களில் ஒரு நோய் வந்து அதன் முக்கியத் தீனியான ஈல்கிராஸ் என்ற கடற்புல் அழிந்தபோது அந்த இனமே ஆட்டம் கண்டது, மிஞ்சியவை கடல் பாசிக்கு மாறிக்கொண்டன. இப்போது புல்தரையில் கூட மேய்கின்றன.

முத்துநகர்:
பாறைகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். பர்பிள் சாண்ட்பைப்பர் என்ற உள்ளான் கல்லின் நிறத்திலேயே உட்கார்ந்திருக்கும், அலை அடிக்கும்போது நகர்ந்தால்தான் கண்ணில் படும். கூடவே கல்திருப்பி உள்ளானும் இருக்கும். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரிக்கும் அதே இனம்தான் குளிர்காலத்தில் தனுஷ்கோடி மணலிலும் திரிகிறது, நான் அங்கே பார்த்த பறவையை இங்கே பனிக்கு நடுவில் பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள், போட்டோவுக்காக யாரும் கிட்டே போகாதீர்கள். கடுங்குளிரில் ஒவ்வொரு முறை பறக்க வைப்பதும் அதன் தீனியைப் பிடுங்குவது போலத்தான். அதுவும் கிழக்குக் கரை ஹார்லிக்வின்கள் வேட்டையால் ரொம்பவே குறைந்து, கனடா 1990இல் அழியும் நிலையில் இருப்பதாக அறிவித்த பறவை. வேட்டையை நிறுத்திய பிறகுதான் மெல்ல மீண்டு வருகிறது.

எடிசன்_அப்பா:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இந்த வாத்து கோடையில் எங்கே போகும் என்று மகள் கேட்கிறாள். காலையில் பார்னகட், மதியம் ஃபோர்சைத் என்றால் எத்தனை மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்?

உப்புக்காற்று:
கியூபெக், லாப்ரடார் பக்கம் பாய்ந்து ஓடும் ஆறுகளுக்குப் போகும், அங்கேதான் கூடு. பாறையில் மோதி எலும்பு முறிந்து பிறகு தானாகக் கூடிய தடம் நிறைய வாத்துகளின் உடலில் இருக்குமாம், அதையும் அவளிடம் சொல்லுங்கள். ஃபோர்சைத்தில் சூரியன் மறைந்ததும் மூடிவிடுவார்கள், ஜனவரியில் அது 5 மணியை ஒட்டி. 3 மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். கையுறை இரண்டு ஜோடி, லென்ஸில் படியும் உப்பைத் துடைக்க மெல்லிய துணி ஒன்று.