மூன்றாவது ஆசியஸ் எங்கே?

எல்லாருக்கும் வணக்கம், தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். குழுவில் 'எலைட் டேஞ்சரஸ்' விண்வெளி வீடியோ கேம் ஆடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2021-ல் அதற்கு வந்த கூடுதல் தொகுப்பான ஒடிஸியைப் போன மாதம்தான் வாங்கினேன். சண்டை, சரக்கு வியாபாரம் எதிலும் மனசு ஒட்டவில்லை; வேற்றுக்கிரகச் செடி தேடுவதில் மாட்டிக்கொண்டேன்.

அதில் பாக்டீரியம் என்கிற வகை பிரச்சினையே இல்லை. மழை ஓய்ந்த மொட்டை மாடியில் பாசி படர்ந்த மாதிரி தரையில் திட்டுத் திட்டாகக் கிடக்கும். ஆசியஸ் என்கிற வகைதான் உயிரை வாங்குகிறது. ஒரே இனத்தில் மூன்று மாதிரி எடுக்க வேண்டும், ஒன்றுக்கொன்று 800 மீட்டராவது தள்ளி. நேற்று ராத்திரி இரண்டு முடித்துவிட்டேன். மூன்றாவதுக்காக ஒன்றரை மணி நேரம் பாறை பாறையாக அலைந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, "அண்ணா, அதோ ஒண்ணு!" என்றான். அவசரத்தில் கருவியை நீட்டிவிட்டேன். அது டஸ்ஸக். வேறு இனத்தை எடுத்ததும் பழைய இரண்டும் போச்சு. தம்பியைத் திட்டி என்ன பயன், கை என்னுடையதுதானே.

மேலிருந்து ஸ்கேன் செய்தால் கிரகத்தின் மேல் நிறம் விழுகிறது, சரி. ஆனால் அது வளரக்கூடிய இடத்தைத்தான் காட்டுகிறது, செடியை அல்ல. அந்த நிறத்துக்குள் எங்கே இறங்குவீர்கள்? மலைச்சரிவா, அடிவாரமா? எவ்வளவு உயரத்தில் பறந்தால் கண்ணுக்குத் தெரியும்? இருட்டுப் பக்கத்தில் தேடுவது வீண் வேலையா? கப்பலை விட்டுவிட்டு வண்டியில் சுற்றினால் சுலபமா?

இன்று ராத்திரி மறுபடி இறங்கப் போகிறேன். அதற்குள் யாராவது சொன்னால் புண்ணியம்.