நாலு பேராகிவிட்டோம், செவ்வாய் ஜெபத்தைத் தொடரலாமா?

காரைக்குடி சகோதரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். செவ்வாய்தோறும் ராத்திரி ஏழரைக்கு அங்கேதான் ஜெபக்கூட்டம், ஆத்தங்குடிக் கல் தரையில் பாய் விரித்து உட்காருவோம். மூன்று வருஷத்துக்கு முன்பு 14 பேர், இப்போது நாலே பேர். கூட வரும் அக்காவின் மகன் குடியை விட வேண்டும் என்று முதல் நாளிலிருந்து கேட்கிறோம், ஒன்றும் மாறவில்லை. போன வாரம் அந்த அக்கா, "எனக்கு வாய் வரல, நீங்களே பண்ணுங்க" என்று பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவரவர் வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா?

தேவகோட்டை அண்ணன்:
தங்கச்சி, பைபிளில் அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்து முழுசாக வாசி. பேதுரு சிறையில் இருந்தபோது மாற்குவின் தாய் மரியாள் வீட்டில் கூடி ராத்திரியிலும் ஜெபித்தார்கள். அவர் விடுதலையாகி வந்து கதவைத் தட்டுகிறார், வேலைக்காரப் பெண் ரோதை ஓடிவந்து சொல்கிறாள், ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே நம்பவில்லை! அவ்வளவு சின்ன விசுவாசத்தோடுதான் கூடியிருந்தார்கள். அதே அதிகாரத்தில் இன்னொரு அப்போஸ்தலரான யாக்கோபு வாளால் வெட்டுண்டதும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யாக்கோபை இழந்த பிறகும் அவர்கள் கூடுவதை விடவில்லையே.

ஓரியூர்ப் பக்கத்துப் பெண்:
நான் கத்தோலிக்கம். அக்டோபரில் எங்கள் ஊரில் வீடு வீடாக ஜெபமாலை சொல்வோம். அப்பா இறந்த வருஷம் எங்கள் வீட்டு முறை வந்தபோது, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன், தொண்டை அடைத்துக்கொண்டது. முன்பாதியை ஒருவர் சொல்லி மறுபாதியை எல்லாரும் சொல்வதுதான் வழக்கம். அன்றைக்கு என் பாதியையும் பக்கத்து வீட்டு அத்தை எடுத்துச் சொன்னார், நான் மணியை மட்டும் நகர்த்தினேன். தனியாக இருந்திருந்தால் அதோடு ஜெபமாலையைக் கீழே வைத்திருப்பேன். உங்கள் அக்காவுக்கு வாய் வராத இந்த நேரத்திலா பாயைச் சுருட்டுவது?

பள்ளத்தூர்க்காரன்:
ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் 1727இல் 24 ஆண்களும் 24 பெண்களுமாக ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு சங்கிலி ஜெபம் ஆரம்பித்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக அது நிற்கவில்லை. அதே சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். அவர்களுக்குள்ளும் முதலில் ஒரே சண்டைதான், ஒப்புரவான பிறகுதான் இந்த ஜெபம் பிறந்தது. அதனால் வராமல் போன பத்துப் பேரையும் நேரில் போய்ப் பாருங்கள், மனத்தாங்கல் ஏதாவது இருக்கும். அப்புறம், அந்தத் தம்பியைக் குடிநோய் பார்க்கும் டாக்டரிடமும் கூட்டிப் போங்கள், ஜெபிக்கிறோம் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காரைக்குடி சகோதரி:
அழுதுகொண்டே வாசித்தேன். நேற்று இரண்டு பேர் வீட்டுக்குப் போனேன். ஒருத்தருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாததைச் சொல்லக் கூச்சப்பட்டு வருவதையே நிறுத்திவிட்டாராம். வீட்டுக்கார ஆச்சியிடம் இரண்டு நாற்காலி கேட்டிருக்கிறேன். செவ்வாய்க்கு வருகிறார்.