ஸ்னேப் எந்த இடத்துல வேற முடிவு எடுத்திருக்கணும்?

அரைத்தூக்கம்:
ஹாரி பாட்டர் ஏழாவது புக்கை மறுபடி படிச்சேன், மந்திரப் பள்ளி வாத்தியார் ஸ்னேப்போட நினைவுகள் வர்ற அத்தியாயத்த தாண்ட முடியாம ரெண்டு நாளா அங்கயே நிக்கிறேன். முதல் தடவை அழுதேன், இப்போ கோவம்தான் வருது. பள்ளியில அஞ்சாவது வருஷ பரீட்சை முடிஞ்சு ஏரிக்கரையில அத்தனை பேர் முன்னாடி, தான் நேசிச்ச லில்லிய (பின்னாடி ஹாரியோட அம்மா) 'மட்பிளட்'னு (மந்திரம் தெரியாத குடும்பத்துல பிறந்தவங்கள திட்டற வார்த்தை) சொன்னான்ல, அந்த வார்த்தை மட்டும் வாயில வராம இருந்திருந்தா எல்லாமே மாறிருக்கும்னு தான் இவ்ளோ நாள் நினைச்சிருந்தேன், அவளும் கூட இருந்திருப்பா, இவனும் வில்லன் வால்டமோர்ட்டோட ஆளா, டெத் ஈட்டரா ஆகிருக்க மாட்டான்னு. இப்போ டவுட்டா இருக்கு. நீங்க எந்த இடத்த சொல்வீங்க?

கறுப்புமை:
அந்த வார்த்தை அன்னைக்கு திடீர்னு வந்தது இல்லங்க. மன்னிப்பு கேக்க வரும்போது லில்லி என்ன கேக்குறான்னு பாருங்க, என்ன மாதிரி பிறந்த எல்லாரையும் நீ அப்படித்தான கூப்பிடுற, எனக்கு மட்டும் ஏன் விலக்குன்னு. அவன்கிட்ட பதில் இல்ல. வால்டமோர்ட்கிட்ட சேரப்போறேங்கறதயும் மறுக்கல. ஏரிக்கரையில வாய மூடிட்டு இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் இழுத்திருக்கும், அவ்ளோதான்.

என்னை கேட்டா ஹாக்ஸ் ஹெட் மதுக்கடையில ஆரூடத்த ஒட்டுக்கேட்டது தான், வால்டமோர்ட்ட வீழ்த்தக்கூடிய ஒரு குழந்தை பிறக்கப்போகுதுங்கற ஆரூடம். பாதி ஆரூடம் தான் காதுல விழுந்துச்சு, அதுக்குள்ள பிடிபட்டு வெளிய அனுப்பிட்டாங்க. அந்த பாதிய எஜமான் வால்டமோர்ட்கிட்ட சொல்லாம விட்டிருக்கலாம். அது எந்த குழந்தைன்னு தெரியாமலே, யாரோ ஒரு குழந்தை சாகட்டும்னு தான போய் சொன்னான்? அத யாரும் பேசறதே இல்ல.

ஓரவாசகன்:
@கறுப்புமை சரிதான், ஆனா சொல்லாம விட்டிருந்தா என்ன ஆகிருக்கும்னு கொஞ்சம் யோசிங்க, வால்டமோர்ட் ஹாரி குடும்பம் ஒளிஞ்சிருந்த காட்ரிக்ஸ் ஹாலோவுக்கு போயிருக்கவே மாட்டான், 1981 அக்டோபர் 31 ராத்திரி அவன் விழுந்திருக்கவும் மாட்டான், அப்போ அவன் கை தான் ஓங்கி இருந்துச்சு, அப்படியே இன்னும் எத்தனை குடும்பம் போயிருக்குமோ. இதுல இன்னொரு கிறுக்குத்தனம் என்னன்னா, லில்லிய மட்டும் விட்டுடுங்கன்னு ஸ்னேப் கேட்டதால தான் வால்டமோர்ட் அவள நகந்து போன்னு சொல்றான், அவ நகராம செத்ததால தான் அந்த பாதுகாப்பு மந்திரமே உண்டாச்சு. ஹாரியோட அப்பா ஜேம்ஸும் புள்ளைக்காக தான் செத்தான், கையில மந்திரக்கோல் கூட இல்லாம, ஆனா அவனுக்கு தப்பிக்க சான்ஸ் குடுக்கல, அதனால அது எடுபடல. ஸ்னேப் யோக்கியனா நேரா ஹெட்மாஸ்டர் டம்பிள்டோர்கிட்ட மட்டும் போயிருந்தா, அப்புறமும் ஜேம்ஸோட நண்பன் பீட்டர் அவங்க ஒளிஞ்ச இடத்த காட்டிக்கொடுத்திருப்பான், லில்லியும் உடனே செத்திருப்பா, ஹாரியும் அடுத்த நிமிஷம் காலி. அவன் பண்ணதுலயே கேவலமான சுயநல வேண்டுதல் தான் ஹாரிய காப்பாத்துச்சு 😑

சும்மாவந்தேன்:
இன்னொரு டெத் ஈட்டர் ரெகுலஸ் பிளாக்கை பாருங்க, பேர் சொல்ல ஒரு லில்லியும் இல்ல, வீட்டு வேலை செய்யற ஒரு எல்ஃப்புக்கு நடந்த கொடுமைய பார்த்து திருந்தினான். ஸ்னேப்புக்கு தன் ஆள் தலையில விழுந்தப்புறம் தான் வலிச்சுச்சு.

அரைத்தூக்கம்:
@ஓரவாசகன் அய்யோ இத நான் இப்படி யோசிச்சதே இல்ல. அப்போ பெரிய தப்புல எதையும் மாத்த கூடாதுன்னு ஆகுதே, மாத்தினா ஹாரி செத்துடுறான். சின்னதுல தான் மாத்தணும் போல. அப்படி பார்த்தா எனக்கு முதல்ல வர்றது ஹாரியோட கிளாஸ்மேட் நெவில். மூணாவது வருஷம் எதிர்ல நிக்கறவங்க ரொம்ப பயப்படறதா உருமாறுற போகார்ட் அந்த பையன் முன்னாடி என்னவா மாறுச்சு? ஸ்னேப்பா! அப்பா அம்மாவ பைத்தியமாக்கின பெல்லாட்ரிக்ஸ் கூட இல்ல, கிளாஸ் எடுக்கற வாத்தியார்.

கறுப்புமை:
அந்த கொடூரம் உளவாளியா போட்ட வேஷம்னு சிலர் சொல்வாங்க, டெத் ஈட்டர் பசங்க கிளாஸ்ல இருக்காங்க, அவன் அன்பா இருந்தா வீட்டுல போய் சொல்லிடுவாங்கன்னு. கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா ஹாரியோட தோழி ஹெர்மயனி பல்லு சாபத்துல நீளமா வளர்ந்து நிக்கும்போது எந்த வித்தியாசமும் தெரியலயேன்னு சொன்னான் பாருங்க, அதுல எந்த உளவு வேலை நடந்துச்சு? நாலாவது வருஷம் அது, வால்டமோர்ட் திரும்பி கூட வரல.

ஓரவாசகன்:
நெவில்கிட்ட அவ்ளோ வன்மம் ஏன்னு எனக்கு ஒரு சந்தேகம், புக்ல இல்ல, என் ஊகம் தான். ஆரூடம் ஹாரி, நெவில் ரெண்டு குழந்தைக்கும் பொருந்துச்சு, வால்டமோர்ட் நெவில தேர்ந்தெடுத்திருந்தா லில்லி உயிரோட இருந்திருப்பா. ஒவ்வொரு கிளாஸ்லயும் அந்த பையன பாக்கும்போது இவனுக்கு அது தான் தோணிருக்கும்.

எனக்கு மாத்த கிடைச்சா, வால்டமோர்ட் மனசுக்குள்ள நுழையாம தடுக்க ஸ்னேப் ஹாரிக்கு எடுத்த அக்லுமென்சி கிளாஸ் தான். நினைவுகள போட்டு வைக்கற பென்சீவ்ல தன் பழைய நினைவ ஹாரி எட்டி பார்த்துட்டான்ங்கற ஆத்திரத்துல நிறுத்திட்டான். ஹாரி ஒழுங்கா பயிற்சி பண்ணல, அதுவும் உண்மை தான், ஆனா வாத்தியார் நீ, பெரியவன் நீ. அப்புறம் வந்த பொய் கனவ நம்பி ஹாரி மந்திர அமைச்சகத்துக்கு ஓடி, அவனோட காட்ஃபாதரும் ஸ்னேப்போட பழைய எதிரியுமான சிரியஸ் செத்தது தான் மிச்சம்.

சும்மாவந்தேன்:
சிரியஸ் செத்ததுல அவனுக்கு வருத்தம் இருந்திருக்கும்ங்கறீங்க?

ஓரவாசகன்:
இல்ல. அதனால தான் அந்த இடத்த சொன்னேன்.